பட்டியலில் முதல் இடம்

"ஏழு மாசமா வராத மனுஷனை மூணு நாளாத்தான் காணோமாம். படிங்க தம்பி."

மெமோவை மேசைமேல் விசிறிப் போட்டாள், கிடங்கில் மூட்டை அடுக்கு சரிந்து செத்த சுமைத் தொழிலாளியின் மனைவி. 'தகவலின்றி வேலைக்கு வராததற்கு விளக்கம் தரவும்' என்று அவள் புருஷன் பெயருக்கு அச்சாகியிருந்தது.

கிடங்கின் கணினிக்கு நிரல் எழுதுகிறவனுக்குச் சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை. காலையிலிருந்து இதே கூத்துதான். தலைமை மேற்பார்வையாளரின் ஏசி அறைக் கதவு எல்லாருடைய அடையாள அட்டைக்கும் திறக்கிறது. மூட்டை தூக்குகிறவர்கள் பதினாறு பேர் உள்ளே காலை நீட்டிப் படுத்திருக்கிறார்கள். போன வருடம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த காவலாளியின் வீட்டுக்கு 'இனிய ஓய்வுக்கால வாழ்த்துகள்' போயிருக்கிறது.

காரணம் அவனுக்குத் தெரியும். மேலாளரின் மச்சான்.

பட்டியலில் நாலே நிலைகள் இருந்தன: பணி, விடுப்பு, ஓய்வு, இறப்பு. பெயரெல்லாம் நமக்குத்தான். கணினி அவற்றை எண்ணாக மாற்றித்தான் வைத்துக்கொள்ளும். முதலில் இருப்பது பூஜ்யம், அடுத்தது ஒன்று, பிறகு இரண்டு, மூன்று. ஒவ்வொரு ஆளுக்கு நேரேயும் அந்த எண்தான் கிடக்கும்.

மூன்று நாளைக்கு முன் மச்சானுக்கென்றே 'தலைமை மேற்பார்வை' என்று ஐந்தாவது நிலை பிறந்தது.

கடைசியில் சேர்த்துவிடலாம் என்றான் இவன்.

"எம் மச்சான் செத்தவனுக்குக் கீழயா?" என்று குதித்தார் மேலாளர்.

மச்சான் முதலில் ஏறி உட்கார்ந்தார். மற்றப் பெயர்கள் ஒரு படி இறங்கின. ஆட்களின் எண்களோ இருந்த இடத்திலேயே இருந்தன. அவ்வளவுதான்: பணியில் இருந்தவன் தலைமை மேற்பார்வை ஆனான், விடுப்பில் இருந்தவன் பணிக்கு வந்தான், ஓய்வு பெற்றவன் விடுப்பில் போனான், செத்தவன் ஓய்வு பெற்றான்.

அவளுக்கு இந்தக் கதையெல்லாம் வேண்டாம். இறந்தவரின் வேலை மனைவிக்கு என்பது கிடங்கின் விதி. வீட்டில் இரண்டு வயிறுகள் காத்திருக்கின்றன. ஏழு மாதமாக 'ஃபைல் நகருது' என்கிறார் மேலாளர். நத்தை கிளம்பியிருந்தால்கூட இதற்குள் வந்து சேர்ந்திருக்கும்.

மேலாளர் சாப்பிடப் போயிருந்தார். இவன் மச்சானைத் தூக்கிக் கடைசியில் போட்டான்.

பெயர்கள் பழைய எண்களுக்குத் திரும்பின. ஏசி அறைக் கதவு பூட்டிக்கொண்டது. காவலாளி முறைப்படி செத்தார்.

"இப்ப எங்க வீட்டுக்காரரும் செத்துட்டாரா தம்பி?"

திரையைப் பார்த்தான். அப்போதுதான் அந்த மெமோ உறைத்தது. இறந்தவர் என்று பதிந்திருந்தால் எண் மூன்று. காவலாளிக்குப் போன மாதிரி வாழ்த்துதான் போயிருக்கும். மெமோ போனதென்றால், இந்த மூன்று நாளும் பணியில் இருப்பவராகக் காட்டியிருக்கிறது; அப்படியானால் எண் ஒன்று.

"இல்லக்கா. லீவுல இருக்காரு."

விபத்து நடந்த அன்றே போட்ட விடுப்பு. மாதம் தவறாமல் நீட்டிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றிலும், சாவு வீட்டுக்கு மாலையோடு வந்த அதே மேலாளரின் ஒப்புதல்.

காரணம் என்ற கட்டத்தில்: சொந்த வேலை.