ஓரப்பார்வை

திரையில் பூனை வாலை ஒருமுறை சுண்டியது. அவ்வளவுதான். வகுப்பே சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை.

அந்த வாலுக்கு எந்தக் கணக்கும் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். பக்கத்துக் கணினியில் அவன் அதைச் செய்ததை அவளே பார்த்திருக்கிறாள். பிஸ்கட் தின்றுகொண்டே மவுஸை இப்படியும் அப்படியும் இழுத்தான். பூனைக்கு உயிர் வந்துவிட்டது.

அவனை எல்லோரும் லேட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. அவளுக்கு வைத்த பெயர் ஸ்கேல். எதையும் அளக்காமல் செய்யமாட்டாள்.

அனிமேஷன் மாலை வகுப்பின் கடைசி நாள் அது. ஸ்டுடியோவிலிருந்து ஒரு மேடம் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவரும் செய்ததைத் தொகுத்த டெமோ ரீல் ஓடும். இப்போது ஓடியது லேட்டுடையது. ஒரே ஒருவருக்குத்தான் அங்கே வேலை.

பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்றுவிட்டு, கால் கடுக்க அவள் இங்கே வந்து படித்தது அந்த ஒரு இடத்துக்காகத்தான்.

இந்த ஷாட் மட்டும் இருவருக்கும் பொது. சார் ஜோடி சேர்த்துவிட்டிருந்தார். ஓர் அறை, ஒரே நாற்காலி. அதில் பூனை சுருண்டு படுத்திருக்கும். கால்வலியோடு வந்த சிறுமி உட்கார இடமில்லாமல் நிற்பாள். பூனையை அசைத்தது அவன், சிறுமியை அசைத்தது அவள். இருவரும் அதைத் தங்கள் ரீலில் சேர்த்துக்கொள்ளலாம். யார் எதைச் செய்தது என்று மூலையில் எழுதிவிட்டால் போதும்.

சிறுமிக்காக அவள் படாத பாடு பட்டாள். கண்ணாடி முன் நின்று தானே நடித்துப் பார்த்தாள். இமை எப்போது இறங்கவேண்டும், கழுத்து எப்போது திரும்பவேண்டும் என்று யோசித்து யோசித்துச் செய்து, அழித்து, மறுபடி செய்தாள்.

வகுப்பில் போட்டுக் காட்டியபோது சிறுமியை யாரும் பார்க்கவில்லை. ஐயோ அந்தப் பூனை, என்றார்கள். சார்கூட.

வீட்டிலாவது சொல்வார்கள் என்று அம்மாவிடம் போனை நீட்டினாள்.

“பூனைய யாருடி பண்ணது? அப்படியே நம்ம மாடிக்கு வருமே, அது மாதிரியே இருக்கு!”

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவன்மேல் கோபமாவது வரக்கூடாதா? வராது. கேட்காமலேயே பிஸ்கட்டை நீட்டுகிறவன். அது இன்னும் எரிந்தது.

மேடம் கையை உயர்த்தினார். அவன் ரீலைக் கொஞ்சம் பின்னால் ஓட்டச் சொன்னார்.

போச்சு, வாலைத்தான் மறுபடி பார்க்கப்போகிறார் என்று அவள் நினைத்தாள்.

பூனை மறுபடி வாலைச் சுண்டியது. மேடம் பூனையைப் பார்க்கவில்லை.

“அந்தப் பொண்ணோட கண்ணப் பாருங்க. பூனைய பாக்காத மாதிரியே பாக்குறா. வயித்தெரிச்சல அப்படியே கண்ணுல கொண்டு வந்திருக்காங்க. யார் பண்ணது, நீயாப்பா?”

அவள் லேட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

லேட்டு எழுந்தே நின்றுவிட்டான்.

“நான் வெறும் பூனை மேடம். பொண்ணு இவளோடது. அடுத்து இவ ரீல்தான், நல்லா பாருங்க.”

வகுப்பு மறுபடி சிரித்தது. மேடம் திரும்பி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டார்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சார் விளக்கை அணைத்துவிட்டார்.

பந்து துள்ளியது. ஒருவன் நடந்தான். ஒரு கிழவர் மூட்டையைத் தூக்கினார். பிறகு அந்த அறை வந்தது. மேடம் முன்னால் சாய்ந்தார். பக்கத்தில் லேட்டு அவள் முழங்கையை இடித்தான், உனக்குத்தான் என்பதுபோல.

மூலையில் ‘சிறுமி: நான்’ என்று எழுதியிருந்தது. அதில் ஒரு பொய்யும் இல்லை.

கடைக்கு லீவு போட்டுவிட்டு, அன்று மதியம்தான் அவள் தன் ரீலுக்காக அந்த ஷாட்டை மறுபடி தயாரித்திருந்தாள். பூனையை மட்டும் மறைத்துவிட்டு. சிறுமியை ஒருமுறையாவது யாராவது பார்க்கட்டும் என்று.

இப்போது எல்லோரும் பார்த்தார்கள்.

யாரும் இல்லாத நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்தபடி, கால்வலியோடு சிறுமி நின்றுகொண்டே இருந்தாள்.