மூன்றாவது தூணருகே

துறைமுக மேடையின் விளிம்பில் அண்ணன் கயிற்றைப் பிடித்தபடி குந்தியிருக்கிறான். மேடையின் தூண்களில் விரிசல் பார்க்க நீருக்குள் இறங்கியிருக்கும் தங்கையின் இடுப்பில் இருக்கிறது அதன் மறுமுனை. எண்ணெய் படர்ந்த நீர் வெயிலில் மயில்கழுத்து நிறம் காட்டுகிறது. மூன்றாவது தூணருகே அவளுடைய மூச்சுக் குமிழிகள் பத்து நிமிடமாக ஒரே இடத்தில் வந்து வெடிக்கின்றன. கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறான். நலம் என்று பதிலுக்கு ஒருமுறை இழுபடுகிறது. ஆனால் நகரத்தான் மாட்டேன் என்கிறாள். அப்படி என்னதான் இருக்கிறது அங்கே? பக்கத்தில் கட்டியிருக்கும் இழுவைப்படகின் கேப்டன் வந்து நிற்கிறார். "சாவியக் குடு தம்பி, நேரமாச்சு." தங்கை இறங்கும் முன்பே வாங்கி வைத்த படகுச் சாவி இருக்கும் சட்டைப்பையை அண்ணன் பொத்திக்கொள்கிறான். "தங்கச்சி மேல வராம இன்ஜின் ஓடாதுங்க. படகுக்கு அடியில விசிறி சுத்துனா ஆளையே இழுத்துரும்." கேப்டன் முணுமுணுத்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், பிறகு குமிழிகளைப் பார்க்கிறார், பார்த்தபடியே அவன் பக்கத்தில் உட்கார்ந்தும்விடுகிறார். ஒருவழியாகத் தங்கை ஏணியேறி வந்து, வாயிலிருந்து மூச்சுக் கருவியை எடுக்கிறாள். "விரிசல் ஒண்ணுமில்லண்ணா. ஒரு ஆக்டோபஸ் முட்டைக்குக் காவலிருக்கு. கைய நீட்டி என் விரல ஒவ்வொண்ணாத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச்சு." அண்ணன் சாவியை நீட்டுகிறான். கேப்டன் அதைக் கவனிக்கவில்லை. "என்ன கலரும்மா?" என்கிறார்.