503

வெளியிலிருந்து தங்கள் சர்வரை அழைப்பவர்களுக்கு எந்தப் பிழைக்கு எந்த எண்ணை அனுப்புவது என்று கூட்டம். மெர்சி பலகையில் எழுதிக்கொண்டே சொன்னாள்: “404னா, அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. 403னா, இருக்கு, உங்களுக்குக் கிடையாது. 503னா, இப்ப முடியாது, அப்புறம் கேளுங்க.”

போன மாதம் அவளிடம் ‘கட்டிக்கலாமா’ என்று கேட்டு, ‘இல்ல’ என்ற ஒற்றைச் சொல்லை வாங்கிக்கொண்டு போன அருள்தாஸ் கையைத் தூக்கினான்.

“ஒருத்தங்க வெறுமனே ‘இல்ல’ன்னா, அது இதுல எந்த நம்பருங்க?”

மெர்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு 503-ஐச் சுற்றி வட்டம் போட்டாள்.

“அப்ப எத்தனை நொடி கழிச்சுக் கேக்கணும்னும் சொல்லணுமே?”

பக்கத்தில் ‘10’ என்று எழுதினாள். மற்ற ஐந்து பேரும் அதை ஒழுங்காகக் குறித்துக்கொண்டார்கள். எண்ணிக்கொண்டிருந்த அருள்தாஸ் ஏழிலேயே எழுந்துவிட்டான்.