கடலில் ஒரு வீடு

வேன் ஓட்ட வந்தவர் வேனில்தானே இருக்க வேண்டும்? முத்துமாலை அண்ணாச்சி இரண்டு நாளாகப் படகு படகாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

கொச்சியில் உல்லாசப் படகுக் கண்காட்சி. கோடிகளில் விலை பேசும் கூட்டம். படகு வேலைக்கு ஆள் அனுப்பும் அலுவலகத்தைப் பாளையங்கோட்டையில் நடத்தும் கெசியாவும் அங்கே சின்னதாக ஒரு ஸ்டால் போட்டிருந்தாள். வழக்கமாக வேன் ஓட்டும் ஜாஸ்பர் வர முடியாது என்று சொல்லிவிட, சீவலப்பேரியிலிருந்து முத்துமாலை வந்திருந்தார். ஆறடி உயரம், நாலு முழ வேட்டி, கழுத்தில் நுழைவு அட்டை. அந்த அட்டையை ஏன்தான் வாங்கிக் கொடுத்தோமோ என்று கெசியா நொந்துகொண்டாள்.

படகில் ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கூடையில் போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். பணக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார்கள். இவர் கோயிலுக்குப் போகிறவர் மாதிரி பக்தியோடு கழற்றிவிட்டு ஏறினார். எல்லாரும் மேல்தட்டுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்ள, இவர் மட்டும் கீழே இறங்கினார்.

இதுவரை ஒன்பது படகு. கீழே அப்படி என்னதான் இருக்கிறது? கெசியாவுக்கும் எட்டிப் பார்க்க ஆசைதான். ஆனால் ஸ்டாலை விட்டு நகர முடியவில்லை.

தூத்துக்குடிக்காரரான கேப்டன் டெனிஸ், தன் படகுக் கம்பெனிக்குப் பத்துப் பையன்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார். ஆறு மாதமாக வேறு ஆர்டர் எதுவும் இல்லை. இதுவும் கைவிட்டுப் போனால் அலுவலகத்தை மூடிவிட்டு, அப்பா சொன்னபடி டீச்சர் வேலைக்கு மனுப் போட வேண்டியதுதான்.

அவரிடம் தன் நோட்டீஸைக் கொடுத்தாள். முன்பக்கத்தில் அகலமான கட்டில், வெள்ளை மெத்தை, ஜன்னல் வழியே நீலக் கடல். கீழே கொட்டை எழுத்தில் 'கடலில் ஒரு வீடு'. ஏதோ ஒரு படகில் முதலாளியின் அறையில் எடுத்த படம் அது. அழகாக இருக்கிறதே என்று போட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் அம்மாமார் தைரியமாகப் பிள்ளைகளை அனுப்பத் தொடங்கினார்கள் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

சாயங்காலம் சொல்வதாகப் போன டெனிஸ் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். முகம் சரியில்லை. அவருடைய படகில், வேலைப் பையன்கள் தூங்கும் அறையில் கெசியாவின் டிரைவர் ஏறிப் படுத்திருக்கிறாராம். கூப்பிட்டால், கொஞ்சம் பொறுங்க என்கிறாராம்.

போச்சு என்று ஓடினாள் கெசியா. செருப்பை எங்கே கழற்றினாள் என்றுகூடத் தெரியவில்லை. படியில் இறங்கும்போது நெற்றி இடித்தது. அறை என்றார்கள், அலமாரி என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். ஜன்னல் இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று பலகைகள். நடுப்பலகையில் முத்துமாலை முழங்காலை மடக்கி ஒருக்களித்துக் கிடந்தார்.

"என்ன அண்ணாச்சி, இங்கன வந்து படுத்துக் கெடக்கீய? மானம் போகுது."

அவர் பைய எழுந்தார்.

"பாத்தாச்சிம்மா" என்றார். அவ்வளவுதான்.

நல்லவேளை, டெனிஸ் அதைப் பெரிதுபடுத்தவில்லை. சாயங்காலமே ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார்.

ஊர் திரும்பும்போது கெசியாவுக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. செங்கோட்டை தாண்டியதும் கேட்டேவிட்டாள்.

"அப்படி என்னத்த அண்ணாச்சி பாத்தீய?"

"எம்மவன் இசக்கிராஜ நீங்கதாம்மா அனுப்புனீய. ரெண்டு வருசம் ஆச்சி. இத்தாலிப் பக்கம் படகுல இருக்கான்."

அவள் இதுவரை அனுப்பிய முந்நூறு பையன்களில் ஒருவன். கெசியாவுக்கு முகம் நினைவு வரவில்லை.

"என் ஒசரந்தான் அவனும். சின்னதுலேருந்தே காலை மடக்கித் தூங்க மாட்டான். இப்ப மேல்தட்டுல நின்னு எடுத்த போட்டோவா அனுப்புதான். படுக்கிற எடத்தக் காட்டுலேன்னா பேச்ச மாத்துதான். எம்புள்ள கால நீட்டிப் படுக்கானான்னு அவன் அம்மை தெனமும் கேக்கா. அதான் ஜாஸ்பர் தம்பியக் கெஞ்சி நான் வந்தேன். பத்துப் படகுலயும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்மா."

அவருடைய போன் அடித்தது. வண்டியை ஓரம்கட்டி எடுத்தார். வீட்டிலிருந்துதான்.

"ஆமாட்டி, பாத்துட்டேன். அந்த நோட்டீஸுல உள்ள அதே கட்டிலுதான். சன்னல் வழியா கடல் தெரியுது. நானே ஏறிப் படுத்துப் பாத்தேன். கால நல்லா நீட்டலாம். இனியாவது நிம்மதியா இரு."

பத்துப் பையன்களுக்கான ஒப்பந்தம் கெசியாவின் மடியில் கிடந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஊர் வரும்வரை அவர் பக்கம் திரும்பவே இல்லை.

பாளையங்கோட்டையில் பெட்டிகளையெல்லாம் இறக்கி வைத்த பிறகும் முத்துமாலை தயங்கி நின்றார். இன்னும் என்ன என்பதுபோல் நிமிர்ந்தாள்.

"அந்த நோட்டீஸ் மிச்சம் இருந்தா ஒண்ணு தாங்கம்மா. அவ செவத்துல ஒட்டி வச்சிருக்கது வெளுத்துப் போச்சி."