இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிள்

நகரத்தை ஒட்டிய அந்தக் காப்புக்காட்டில் வாடகைக்கு மிச்சமிருந்தது இரண்டு பேர் மிதிக்கும் ஒரே ஒரு சைக்கிள்தான். சர்க்கரை நோயாளியான கணவர் இன்னாசியைப் பின்சீட்டில் உட்காரவைத்து, செலின் முன்னால் ஏறி ஏரியைச் சுற்றி மிதித்தாள். ஒரு வாரம் கெஞ்சித்தான் அவரை வீட்டைவிட்டுக் கிளப்பியிருந்தாள்.

"மிதிக்கிறீங்களா, இல்லையா?"

"மிதிச்சிட்டுத்தான இருக்கேன்."

"அப்புறம் ஏன் இப்படிக் கனக்குது? எல்லாத்தையும் நானே இழுக்கணும்னு எழுதியிருக்கா?"

மேடு வந்ததும் இருவரும் இறங்கித் தள்ளினார்கள். அவர் அதிலும் பின்தங்கினார். திட்டுவதற்காகத் திரும்பியவள் அவருடைய இடது காலைப் பார்த்தாள். அதில் செருப்பு இல்லை.

"செருப்பு எங்க?"

இன்னாசி குனிந்து பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"எங்கயோ கழண்டு விழுந்திருக்கு போல."

"விழுந்தது கூடவா தெரியாது? கால்ல எத்தனை நாளா உணர்ச்சி இல்ல?"

"ரெண்டு மாசமா. சொன்னா நீ கத்துவ."

செலின் சைக்கிளைப் புல்லில் சாய்த்தாள். அவரை அங்கிருந்த பெஞ்சில் உட்காரவைத்து, தான் தரையில் அமர்ந்து, பாதத்தை மடியில் தூக்கி வைத்தாள். குதிகாலில் ஒரு கருவேல முள் ஆழமாக ஏறியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிடுங்கினாள். ரத்தம் அவள் சுடிதாரில் சொட்டியது. அவர் ஏரியில் மூழ்கி எழும் நீர்க்காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முள்ளு கிள்ளு ஏதாவது குத்தியிருக்கா?" என்றார்.

செலின் முள்ளை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல. பேசாம உக்காருங்க."