நெஞ்சுக்குள் ஒரு சாட்சி

"நாலு படி ஏறுனா கண்ணு இருட்டிக்கினு வருதுங்க, டாக்டரம்மா" என்றார் சிவப்பிரகாசம். அதைச் சொன்னதே பெரிய உழைப்பு என்பதுபோல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நாலு எங்க? ரெண்டு படிதான்" என்று திருத்தினாள் மனைவி அமிர்தம்.

டாக்டர் சரிதா குறித்துக்கொண்டார். சிவப்பிரகாசத்தின் இடது தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்து ஏழு மாதம் ஆகிறது. அதற்கு முன் இருபத்தாறு வருஷம் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் வேலை. பெல்ட்டுக்கு மேலே, இரும்புத் துண்டுகளைப் பொறுக்குவதற்குப் பெரிய காந்தம் தொங்கும். காந்தம் பேஸ்மேக்கரைக் குழப்பிவிடும் என்பதால் இனி அந்தப் பக்கமே போகக் கூடாது. நாளை மெடிக்கல் போர்டு. ஆபீஸில் லேசான வேலை கொடுப்பதா, 'அன்ஃபிட்' என்று வீட்டுக்கு அனுப்புவதா என்பதை டாக்டரின் கடிதத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் பையனுக்கு வேலை கிடைக்கும் என்று அவர்கள் குடியிருக்கும் பிளாக் முழுக்கப் பேச்சு. மகன் அருண்ராஜ் ஆறு வருஷமாகக் கான்ட்ராக்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறான். பெர்மனென்ட் இல்லை என்று தெரிந்ததும் மூன்று பெண் வீட்டார் காபியை மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"போன் எங்க வெச்சிக்கிறீங்க?"

"வலது பாக்கெட்லதாங்க. பேசறதும் வலது காதுலதான்."

"அவரு எங்க பேசறாரு? நான்தான் எடுத்துப் பேசறேன்" என்றாள் அமிர்தம். "கரன்ட் அடுப்புப் பக்கமே வுடறதில்ல. எதுத்த வூட்டு கேட்டுக்கு வெல்டிங் வெச்சாங்க. இவர இட்டுக்கினு குறிஞ்சிப்பாடிக்கு, எங்க அண்ணன் வூட்டுக்கே போய்ட்டேன்."

"எதிர் வீடுதானேம்மா? உங்க வீட்டுக்குள்ளயே இருந்திருக்கலாம்."

"மிக்ஸி போட்டாக்கூட வாசலுக்கு அனுப்பிடறேன்."

"மிக்ஸி அந்த மெஷின ஒண்ணும் பண்ணாது."

"மெஷின ஒண்ணும் பண்ணாது, சரி. எனக்குப் பகீர்னுதே!"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நடக்கிறாரா?"

"எங்க நடக்கறது? வாரத்துல மூணு நாளு காலைல பிள்ளையார் கோயிலு வரைக்கும் போயி, ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வராரு. அதுக்கே சட்ட தொப்பலா நனஞ்சி போயி வராரு, பாவம்."

சிவப்பிரகாசம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் அவரைப் படுக்கச் சொன்னார். நர்ஸ் வெண்மதி பரிசோதிக்கும் கருவியை எடுத்து அவர் நெஞ்சின் மேல் வைத்தாள். திரையில் கோடுகள் ஓடின. டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"பேட்டரி நல்லா இருக்கு. துடிப்பும் நல்லா இருக்கு" என்றவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "சார், போன ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"கோயில்லதாங்க."

"உக்காந்துட்டு இருந்தீங்களா?"

"உக்காந்துக்கினுதாங்க."

"மெஷின் வேற மாதிரி சொல்லுதே! பெரிய கிரவுண்டு. பூப்பந்து. மூணு ஆட்டம் ஆடியிருக்கீங்க. கடைசி ஆட்டத்துல ஜெயிச்சிருக்கீங்க."

சிவப்பிரகாசம் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். அந்த வேகத்தில் களைப்பு எதுவும் இல்லை.

"ஜெயிச்சதக்கூடவா அது எழுதி வெச்சிக்கிது?"

"அடப் பாவி மனுசா!" அமிர்தம் எழுந்தே விட்டாள். "இங்க கேஸ் சிலிண்டர நான் ஒண்டியா உருட்டிக்கினு கெடக்கறேன், நீ அங்க பந்து ஆடிக்கினு இருந்தியா? டாக்டரம்மா, பீடி குடிச்சது ஏதாவது எழுதியிருக்குதான்னும் பாருங்க."

"நீ செத்த சும்மா இரு" என்ற சிவப்பிரகாசம், டாக்டரைப் பார்த்துக் கைகூப்பினார். "பொய்தாங்க. நல்லாத்தான் இருக்கேன். ஆனா அன்ஃபிட்னே எழுதிக் குடுத்துடுங்க. பையனுக்கு முப்பத்தொண்ணு ஆவுது. எனக்கு இன்னும் அஞ்சு வருஷம் சர்வீஸ் இருக்குது. ஷிப்டு பஸ்ஸு போற சத்தம் கேட்டா காலு தானா வாசலுக்குப் போவுதுங்க, இல்லன்னு சொல்லல. இருந்தாலும் என் வேல அவனுக்குப் போவட்டும்."

"மெஷின் சொல்றதுக்கு மாறா நான் எழுத முடியாது, சார்."

டாக்டர் எழுதினார். காந்தம், வெல்டிங், பெரிய மோட்டார் ஆகியவற்றுக்கு அருகில் இல்லாத எந்த வேலைக்கும் தகுதியானவர். கீழே கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை நீட்டினார். "பூப்பந்து தாராளமா ஆடுங்க. நெஞ்சுல பந்து படாமப் பாத்துக்குங்க. ஆனா வீட்ல சொல்லிட்டுப் போங்க."

சிவப்பிரகாசம் அதை இரண்டு தடவை படித்தார். முகத்தில் வருத்தத்தை வரவழைக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. வாசலில், வழக்கம்போல் அவர் கையிலிருந்த பையை வாங்க அமிர்தம் கையை நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, தன் பையையும் அவர் கையில் மாட்டிவிட்டு முன்னால் நடந்தாள்.

கதவு மூடியதும் வெண்மதி கேட்டாள். "மேடம், எட்டு வருஷமா நானும் இந்த ரிப்போர்ட்டப் பாக்கறேன். அதுல பூப்பந்துன்னு எந்த எடத்துல வரும்?"

"வராது" என்றார் சரிதா. "நேத்து அவர் பையன் வந்து, கிரவுண்டு சுவத்துக்குப் பின்னால நின்னு எடுத்த வீடியோவ எல்லாம் காட்டினான். 'அப்பா எனக்காகப் பொய் சொல்வாரு, நம்பிடாதீங்க. அவரு வேலைய அவரே பாக்கட்டும்'னு சொல்லிட்டுப் போனான்."