எறும்பு எழுத்து

“என்னக்கா இது, ரிப்போர்ட்டா, எறும்பு ஊர்வலமா?”

மேற்பார்வையாளர் காகிதத்தை மூக்கு நுனிவரை கொண்டுபோய்ப் பார்த்தார்.

வாடிக்கையாளர் புகார்களை ஃபோனில் கேட்டுத் தீர்த்துவைக்கும் அலுவலகம் அது. யார் எத்தனை புகார் முடித்தார்கள் என்று மாதாமாதம் டேட்டாபேஸிலிருந்து ரிப்போர்ட் எடுத்து மேனேஜருக்குத் தரவேண்டும். எடுப்பவள் ரிப்போர்ட் அக்கா.

“கண்ணாடியை மாத்துங்க தம்பி” என்றாள், தலை நிமிராமல்.

பழைய ஃபான்ட் அளவு பதினொன்று. மூன்று மாதமாக ஏழு. ஏன் என்று கேட்டால் வாயே திறக்கமாட்டாள்.

“பேப்பரை மிச்சம் பிடிச்சு மாடி கட்டப் போறாங்க” என்றது பக்கத்து மேசை.

மேற்பார்வையாளருக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம் மாதத்துக்கு நாலைந்து பேருக்குச் சீட்டுக் கிழிந்தது. எதை வைத்துக் கிழித்தார்கள் என்பது யாருக்கும் பிடிபடாத மர்மம். இந்த மூன்று மாதமாகத்தான் மேனேஜர் சும்மா இருக்கிறார். இந்தப் பொடி எழுத்தைப் பார்த்துக் கடுப்பாகி மறுபடி ஆரம்பித்தால்?

அக்கா சாப்பிடப் போன நேரம், அவரே மென்பொருளைத் திறந்தார். செட்டிங்ஸ். டீஃபால்ட் ஃபான்ட். ஏழு என்பதை அழித்துப் பதினொன்று போட்டார். பிரின்ட் கொடுத்துவிட்டு, எறும்புத் தாளோடு மேனேஜர் அறைக்குள் நுழைந்தார்.

“சார், எழுத்து ரொம்பப் பொடியா இருந்துச்சு. பெருசாக்கிட்டேன். இப்ப வந்துடும்.”

“எழுத்தா? அதை எவன்யா படிச்சான்!” மேனேஜர் சிரித்தார். “முதல் பக்கத்தை அப்படியே புரட்டுவேன். ரெண்டாம் பக்கத்துல இருக்கிறவங்க கடைசி ஆளுங்க. வீட்டுக்கு அனுப்பிடுவேன். அவ்வளவுதான் என் கணக்கு. மூணு மாசமா ரெண்டாம் பக்கமே வரல. பரவாயில்லையே, எல்லாரும் தேறிட்டீங்க!”

வெளியே பிரின்டர் முதல் தாளைத் துப்பிவிட்டு இரண்டாவதை இழுக்கும் சத்தம் கேட்டது.

“சார், இதையே வெச்சுக்குங்க!” எறும்புத் தாளை மேசையில் போட்டுவிட்டு ஓடினார்.

பிரின்டர் பக்கத்தில் அக்கா, முகம் வெளுத்து, இரண்டாம் தாளோடு நின்றிருந்தாள். அவர் வாங்கிப் பார்த்தார். ஆறு பெயர்கள். எதிர்முனையில் அழுகிறவர் ஓயும்வரை ஃபோனை வைக்காத ஆறு பேர்.

தாளைச் சுக்குநூறாகக் கிழித்தார். கணினி முன்னால் உட்கார்ந்தார்.

“அக்கா, அடுத்த மாசம் புதுசா எட்டுப் பேர் சேர்றாங்க. ஏழு தாங்குமா, இல்ல ஆறாக்கிடவா?”